நான்காம் வேற்றுமை நோய்

ஐஸ்லாந்தியப் பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமைகள். தமிழுக்கு எட்டு. அந்த மொழியைத் தொடங்கியபோது என் கையில் இருந்த ஒரே தைரியம் இந்தக் கணக்குத்தான். எட்டு வரை போய் வந்தவள், நாலு வரை நடக்க மாட்டேனா என்று நினைத்தேன். அது முழுக்கச் சரியல்ல என்று பிறகு தெரிந்தது. ஆனால் தொடங்குவதற்கு அது போதுமாக இருந்தது.

நான் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், மீன் ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மீனை ஒவ்வொன்றாக எடை பார்த்து அந்தந்தப் பெட்டிக்கு அனுப்பும் இயந்திரங்கள். இரும்பு வேலை என்னுடையதல்ல. மீனைக் கொண்டுபோகும் பட்டி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், நின்றால் திரையில் என்ன எழுத்து வர வேண்டும் என்று நிரல் எழுதுவது என் வேலை.

ஓர் இயந்திரத்துக்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஒன்று, நிரல் எழுதுவது. இரண்டு, எங்கள் கூடத்திலேயே தண்ணீர் நிரப்பிய பைகளை மீனுக்குப் பதிலாக ஓடவிட்டுச் சோதிப்பது. மூன்று, வாங்கியவரின் ஆலைக்குப் போய் உண்மையான மீனை ஓடவிட்டு, எல்லாம் சரி என்று தாளில் கையெழுத்து வைப்பது. ஐஸ்லாந்துக்குப் போன முந்தைய இரண்டு இயந்திரங்களிலும் முதல் இரண்டு கட்டங்கள் என்னுடையவை. மூன்றாவது, எங்கள் பிரிவின் மூத்த பொறியாளருடையது. தாளில் இருப்பது அவருடைய கையெழுத்து.

அதே ஆலை மூன்றாவது இயந்திரத்தைக் கேட்டபோது, இந்த முறை நான் போகிறேன் என்று பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். எங்கள் பேச்சு டேனிஷில்தான் நடந்தது. அதை இங்கே எங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் தலைவரும் கடைசியாக வேலைக்கு வந்தவரும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் சொல்வார்கள். ஆகவே மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

"அங்க உள்ள ஆக்கள் அவனோட பழகிட்டினம்," என்றார் தலைவர். "அவன் போனால் டேனிஷிலேயே கதைச்சு அலுவலை முடிச்சிடுவான். அவையள் பள்ளிக்கூடத்தில டேனிஷ் படிச்ச ஆக்கள்தானே."

"நானும் பள்ளிக்கூடத்தில டேனிஷ் படிச்சனான்தானே."

அவர் சிரித்தார். "உன்ர டேனிஷ் நல்ல டேனிஷ்," என்றார்.

நான் டென்மார்க்கிலேயே, ஹேர்னிங் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இந்தப் பாராட்டை யார் யார் சொன்னார்கள் என்று ஒரு காலத்தில் பட்டியல் வைத்திருந்தேன். பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

மூத்த பொறியாளர் தன் பயணப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி அலுவலகக் கோப்புறையில் போட்டு வைத்திருந்தார். இயந்திரம், துறைமுகம், ஒரு கிண்ணம் மீன் சூப், மறுபடியும் இயந்திரம். அவற்றில் ஒன்றில் எங்கள் திரை இருந்தது. நான் எழுதிய எச்சரிக்கை வாசகம் ஒன்று மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதன் ஐஸ்லாந்திய வடிவத்தை நாங்கள் கணினியிடம் கேட்டு வாங்கிப் போட்டிருந்தோம். அந்த வாசகத்தின் கடைசிச் சொல்லை ஒட்டி, கண்ணாடியின் மேல், கறுப்பு மார்க்கரால் யாரோ ஓர் எழுத்து எழுதியிருந்தார்கள். ஒரே ஓர் 'i', எங்கள் 'இ'.

பெரிதாக்கிப் பார்த்தேன். அழுக்கல்ல. நிதானமாக, புள்ளி வைத்து எழுதிய எழுத்து. அந்த எச்சரிக்கை எப்போது வந்தாலும் திரையில் அதே இடத்தில்தான் வரும். ஆகவே அந்த எழுத்து அங்கேயே நின்று, சொல் வரும்வரை காத்திருந்து, அதைத் திருத்திக்கொண்டிருந்தது. யார் எழுதியது என்று கேட்டேன்.

"அதோ? அங்க ஒரு எலக்ட்ரீசியன் நிக்கிறான்," என்றார் மூத்த பொறியாளர். "வாய் திறக்க மாட்டான். பொக்கெற்றுக்க எந்த நேரமும் ஒரு மார்க்கர்."

"உன்னோட டேனிஷில கதைக்கிறவரோ?"

"நான் கதைப்பன். அவன் கேட்டுக்கொண்டு நிப்பான். அமைதியான சனங்கள் அவையள்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்டீனில் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தேடினேன். ஃபைரிபான்ட் என்றால் மீன் போகும் பட்டி. பட்டியில் பழுது என்று சொல்ல வேண்டுமானால் அது ஃபைரிபான்டி ஆக வேண்டும். அந்த 'இ' ஒரு வேற்றுமை உருபு. எங்கள் இயந்திரம் இரண்டு ஆண்டுகளாக 'பழுது: வீடு இல்' என்ற மாதிரி ஒரு வசனத்தை ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் அதை 'வீட்டில்' என்று வாசித்துக்கொண்டிருந்தார். அமைதியான சனங்கள்.

அன்றே முடிவு செய்தேன்.

மாலை வகுப்பு ஒன்றில் பதிந்தேன். மூன்று பேர்தான் சேர்ந்தோம் என்று அது நிறுத்தப்பட்டது. மற்ற இருவரும் ஐஸ்லாந்துக் குதிரை வளர்ப்பவர்கள். பிறகு நூலகத்திலிருந்து, டேனிஷ்காரருக்கென்று எழுதிய ஒரு பழைய தொடக்க இலக்கணத்தை எடுத்து வந்தேன். அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனது. வேற்றுமை கடினம், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரின் கடைசி மாறும், பயப்படாதீர்கள். எனக்கு என்ன பயம்? மரம் மரத்துக்கு ஆகும், ஆறு ஆற்றில் ஆகும் என்று ஆறு வயதில் படித்தவள் நான். ஹேர்னிங்கில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நாங்கள் ஹாண்ட்போல் அணியின் கூச்சல் மாதிரிக் கத்துவோம். எதற்கென்று தெரியாமல் கத்தினோம். அது எதற்கென்று தெரிய எனக்கு இருபது வருடமும் ஒரு மீன் இயந்திரமும் வேண்டியிருந்தது.

ஐஸ்லாந்தியரின் அட்டவணை எங்களுடையதைவிடச் சிறியது. ஹேர் எர் ஹெஸ்தூர், உம் ஹெஸ்த், ஃப்ரா ஹெஸ்தி, தில் ஹெஸ்த்ஸ். இங்கே குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரையிடம். நான்கு முன்சொற்கள், நான்கு வடிவங்கள். எந்தப் புதுச் சொல் வந்தாலும் இந்த நான்கு கொக்கிகளில் மாட்டிப் பார்க்கலாம். மூன்றாவது கொக்கியில் விழுவது எங்களுடைய நான்காம் வேற்றுமைக்குக் கிட்டத்தட்டச் சமம். நாங்கள் அதைக் கொடுப்பவரின் பக்கம் நின்று கொடை என்கிறோம். அவர்கள் வைத்த பெயரில் இருப்பது வாங்குபவர்.

உச்சரிப்பில் டேனிஷ்காரரை மிரட்டும் ஓர் எழுத்து உண்டு. ஆங்கில 'd' எழுத்தின் முதுகில் குறுக்குக் கோடு போட்ட மாதிரி இருக்கும். புத்தகம் அதற்கு அரைப் பக்கம் செலவழித்தது. அது, இது, எது என்று மூன்று முறை சொல்லிவிட்டு அதைச் சொன்னால் தானாக வரும். அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'அது' என்று எழுதி வைத்தேன். நூலகப் புத்தகம்தான். அழிக்கவில்லை.

சொற்களுக்குப் புத்தகத்தின் வரிசையை நான் பின்பற்றவில்லை. அது குதிரை, அம்மா, கோப்பி என்று போனது. என் முதல் வாரப் பட்டியல்: தண்ணீர், மீன், பனிக்கட்டி, பட்டி, கதவு, கத்தி, விரல், நில். இரண்டாவது வாரம்: ஈரம், வேகம், கழுவுநீர், யார் இதைத் தொட்டது. குதிரைக்கு மூன்றாவது மாதம்வரை வேலை வரவில்லை.

உணர்ச்சிகள் பற்றிய பாடத்தில்தான் நின்றேன். மியெர் எர் கால்ட். சொல்லுக்குச் சொல் பார்த்தால்: எனக்கு, இருக்கிறது, குளிராக. டேனிஷில் இப்படிச் சொல்ல முடியாது. டேனிஷில் குளிர்வதும் ஒரு வேலை. யாய் ஃப்ரூஸா, நான் குளிர்கிறேன். ஐஸ்லாந்தியத்தில் குளிர் வெளியிலிருந்து வருகிறது, எனக்கு வருகிறது. எனக்குக் குளிர்கிறது. கு.

புத்தகத்தை மூடி வைத்தேன். ஏனென்றால் இந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், டேனிஷில்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அம்மா தையல் ஆலையில் வேலை முடிந்து நேரே வந்திருந்தா. வகுப்பாசிரியையின் அறையில் ஜன்னல் திறந்திருந்தது, மாசி மாதம். அம்மா கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மாய் எர் கோல்ட்," என்றா. தமிழில் யோசித்து, டேனிஷ் சொற்களை அந்த இடங்களில் வைத்துச் சொன்ன வசனம். எனக்கு, இருக்கிறது, குளிர். டேனிஷில் அது பிழை. நான் ஆசிரியைக்கு முன்னால், தெளிவாக, "யாய் ஃப்ரூஸா, அம்மா," என்று திருத்தினேன். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தா, நல்ல பிள்ளை என்கிற சிரிப்பு. அம்மா கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் பூட்டினா.

அன்றைக்கு மட்டுமல்ல. வருடக்கணக்காகத் திருத்தினேன். கடையில், பஸ்ஸில், வைத்தியரிடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேர்னிங்கில், அம்மா இப்போது முதியோர் இல்ல வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே என் கையிலிருந்ததைப் பார்த்தா.

"இதென்ன புத்தகம், பிள்ளை?"

"ஐஸ்லாந்து பாஷை, அம்மா."

"எத்தினை பேர் கதைக்கினம் உதை?"

"யாழ்ப்பாணத்தில இருக்கிற சனத்தைவிடக் குறைவு."

"பிறகென்னத்துக்கு?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தா. குரலைத் தாழ்த்தினா. "ஆரும் ஐஸ்லாந்துப் பெடியனோ?"

"இல்லையம்மா. மெஷின்."

"மெஷினோ?"

"ஓம்."

"பெடியன் எண்டு சொன்னாலும் விளங்கிக்கொள்ளலாம்," என்றா அம்மா. சட்டையைத் திருப்பிப் போட்டா. "நாங்கள் பாஷை படிச்சது வேற வழியில்லாமல். நீ வழி இருந்தும் படிக்கிறாய்."

குளிர் பற்றிய அந்த வசனத்தை நான் அப்போது சொல்லவில்லை. சொல்வதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அலுவலகத்தில் நான் கேட்டது, இயந்திர உறுப்புகளின் அட்டவணையில் நான்கு பத்திகள். எங்கள் நிரல் எச்சரிக்கை வாசகங்களை ஒட்டித்தான் செய்கிறது. 'பழுது' என்ற துண்டு, அதன் பின்னால் உறுப்பின் பெயர். டேனிஷில் பெயர் மாறாது, ஒரு பெயருக்கு ஒரு கட்டம் போதும். ஐஸ்லாந்தியத்துக்கு ஒரு பெயருக்கு நான்கு கட்டம் வேண்டும், ஒவ்வொரு வாசகமும் எந்தக் கட்டத்திலிருந்து எடுப்பது என்று அதற்குச் சொல்ல வேண்டும்.

"ஒரு எழுத்துக்காகவோ?" என்றார் மூத்த பொறியாளர்.

"ஓம். ஒரு எழுத்துக்காக."

"அவையளுக்கு விளங்கும்தானே."

"'பம்ப் மூண்டு பழுது உள்ளுக்குக் கிடக்கு' எண்டு நான் உனக்கு எழுதினால் உனக்கும் விளங்கும். அந்த மெஷினுக்குள்ள கையை விடுவியோ?"

அவர் கோப்பியைக் குடித்தார். "விட மாட்டன்," என்றார். நேர்மையான மனிதர். அதை நான் எப்போதும் சொல்வேன்.

அறுபத்தொரு உறுப்புகள், நான்கு பத்திகள், இருநூற்று நாற்பத்துநான்கு கட்டங்கள். பாதிக்கு மேல் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் நிரப்பினேன், ஒன்றையும் மேற்படி என்று விடவில்லை. முடிந்ததும் தலைவர் அதை ஆலைக்கு அனுப்பினார். நன்றி, இதை யார் செய்தது என்று ஆலையின் மேலாளர் கேட்டு எழுதினா. எங்கள் குழு என்று தலைவர் பதில் போட்டார்.

எங்கள் குழு. அந்த இரண்டு சொற்களைப் படித்த பிறகுதான், அடுத்த காணொளிக் கூட்டத்தில் நான் ஐஸ்லாந்தியத்தில் பேசுவது என்று தீர்மானித்தேன்.

மூன்று வசனங்களை எழுதி, இலக்கமிட்டு, விசைப்பலகைக்குக் கீழே வைத்தேன். ஒன்று, என் பெயர். இரண்டு, பட்டியலைச் செய்தது நான். மூன்று, இரண்டாம் பட்டிக்கு நான் போட்ட சொல்லைத்தான் உங்கள் ஆலையில் சொல்கிறீர்களா?

திரையின் அந்தப் பக்கம் இருவர். மேலாளர், நரைத்த குட்டை முடி வைத்த பெண். அவவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்தபடி ஒரு பெரிய மனிதர், சட்டைப் பையில் மார்க்கர். இந்தப் பக்கம் தலைவர், மூத்த பொறியாளர், நான். தலைவர் ஆங்கிலத்தில் கூட்டத்தைத் தொடங்கினார். என் முறை வந்ததும் மூன்று வசனங்களையும் சொன்னேன். சுவரோடு சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். மேலாளர் என் கேள்விக்கு ஆம் என்றா, பிறகு என்னை முதல் பெயர் சொல்லி அழைத்தா. டென்மார்க்கில் எந்தப் படிவமும் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு என்னை அப்பாவாக்கிவிடும். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இன்னாருடைய மகள் என்பதுதான். ஆகவே அவவுக்கு எது என் பெயர் என்று குழப்பம் வரவில்லை.

பிறகு அவ மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஐஸ்லாந்தியத்தில் கேட்டா: நீ வருகிறாயா?

விசைப்பலகைக்குக் கீழே இருந்த தாளில் இதற்குப் பதில் இல்லை.

"மியெர் லௌங்கார்," என்று தொடங்கினேன். எனக்கு ஆசை. உங்களோடு சேர்ந்து இயந்திரத்தைச் சோதிக்க எனக்கு ஆசை.

மேலாளரின் புருவம் ஏறியது. "மிக் லௌங்கார்," என்றா மெல்ல.

அவ சொன்னது சரி. எனக்கும் தெரியும். குளிர் மியெர், எண்ணம் மியெர், சுகம் மியெர். ஆனால் ஆசைக்கு மட்டும் ஐஸ்லாந்தியம் இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது: மிக், என்னை. என்னை ஆசைப்படுகிறது! அதைப் படித்து, விதிவிலக்குகள் என்று தலைப்பிட்ட பக்கத்தில் முதலாவதாக எழுதி வைத்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது கு.

சுவரோரம் நின்றவர் சிரித்தார். பெரிய, நிறுத்த முடியாத சிரிப்பு. மேலாளர் திரும்பி அவரிடம் ஏதோ சொன்னா. அவர் பதில் சொன்னார். அவ விரலை நீட்டினா. அவர் மார்பில் தட்டிக்கொண்டார். எனக்கு விளங்கியதெல்லாம் மிக், மியெர், மிக், மியெர் என்பதுதான். கடைசியில் அவர் கமராவுக்குக் கிட்ட வந்து ஆங்கிலத்தில் என்னிடம் பேசினார்.

"நானும் அப்பிடித்தான் சொல்லுறனான். என்ர அம்மாவும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்தில எங்களுக்கு அடிச்சடிச்சுத் திருத்தப் பார்த்தவை. இதுக்கு ஒரு பேர்கூட வச்சிருக்கினம். நோய் எண்டு."

"நோயோ?"

"தௌகுஃபால்ஸீகி," என்றார் ஒவ்வோர் அசையாக. எழுதிக்கொண்டேன். கு போடக் கூடாத இடத்திலும் கு போடும் நோய். நான்காம் வேற்றுமை நோய்.

கூட்டம் முடிந்து திரை கறுத்ததும் தலைவர் நாற்காலியைத் திருப்பினார்.

"சிரிச்சவையள்," என்றார்.

"என்னைப் பார்த்தில்லை."

"பிழை எண்டு அந்த மனுசி திருத்தினவதானே?"

"ஓம். பிழைதான்."

"அதுதான் நான் சொல்லுறன். வாங்கிற ஆக்களுக்கு முன்னால பிழை விடேலாது. அவனே போகட்டும்."

"அவன் அங்க டேனிஷில கதைக்கேக்க ஆரும் பிழை பிடிக்கேல்லைத்தான்," என்றேன். "ஏனெண்டால் ஆரும் அவனோட கதைக்கேல்லை. நீ காரணத்தை எழுதித் தா. பழகிட்டினம் எண்டு இல்லை. பிழை விட்டவள் எண்டும் இல்லை. அந்தப் பட்டியலில எத்தினை பிழை எண்டு அவையளைக் கேள். என்ன காரணத்துக்கு நான் போகக் கூடாது எண்டு எழுதி, கீழ கையெழுத்து வை."

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அதைப் பற்றித்தான் கதை போகும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வரை யோசிக்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்டுமில்லையே."

"ஏதும் வருத்தமோ? தொத்துற வருத்தமோ?"

"ஏன் கேக்கிறாய்?"

கையிலிருந்த தாளை நீட்டினார். ஆலையிலிருந்து வந்த மின்னஞ்சல். எந்த நாளில் இயந்திரத்தை இறக்குவது, எந்த நாளில் மீன் வரும் என்ற விவரங்களுக்குக் கீழே ஒரு வரி: ஓடவிடுவதற்கு நோய் பிடித்த பெண்ணை அனுப்பவும்.

நான் சிரித்தேன். அந்த அலுவலகத்தில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் முறை. விளக்கினேன். ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு விளக்கினேன்: குளிர், எண்ணம், சுகம், ஆசை. அவருக்குப் பாதி விளங்கியது. மிச்சத்துக்குத் தலையை ஆட்டினார்.

"சரி. ரெண்டு பேரும் போங்கோ. கையெழுத்தை அவன் வைக்கட்டும்."

"இல்லை. போறது நான். கையெழுத்தும் நான். அவன் போனில நிக்கட்டும், தேவையெண்டால் கேப்பன்."

தலைவர் மூத்த பொறியாளரைப் பார்த்தார். அவர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எனக்கு அந்த மீன் சூப் ஒத்துவாறேல்லை."

அப்படித்தான் முடிவானது.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஹேர்னிங்கில் அம்மா எனக்காக இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்திருந்தா. நான் ஒன்று போதும் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். அம்மா பட்டியலைப் பார்க்கவில்லை.

"அங்க கடுங்குளிராம்," என்றா.

"அம்மா, குளிருது எண்டு அவையள் எப்பிடிச் சொல்லுறது தெரியுமோ?"

"எப்பிடி?"

"மியெர் எர் கால்ட்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "திருப்பிச் சொல்லு."

"மியெர் எர் கால்ட்."

"மியெர் எண்டால்?"

"எனக்கு."

அம்மா சட்டையைப் பெட்டிக்குள் வைத்தா. "இதைத்தானே நான் அப்பவே சொன்னனான்," என்றா.

"ஓம் அம்மா. நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் எல்லாருக்கும் முன்னால திருத்தினனான். அதுக்கு..."

"டேனிஷில அது பிழைதானே?"

"டேனிஷில பிழை. அங்க சரி."

"அப்ப நான் பிழையான நாட்டில வந்து இறங்கிட்டன்," என்று அம்மா சிரித்தா. பிறகு பெட்டியின் மூடியை ஒரு கையால் பிடித்தபடி, சிரிப்பில்லாமல் சொன்னா: "பிழையைத் திருத்தினது காரியமில்லை, பிள்ளை. சின்னப் பிள்ளை நீ. அந்த ஜன்னலை அண்டைக்கு ஒருத்தரும் சாத்தேல்லை."

இரண்டு கம்பளிச் சட்டைகளையும் கொண்டுபோனேன்.

ஆலையில் மூன்று நாள். எலக்ட்ரீசியன் என் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக வரவழைத்து வாசித்தார், மார்க்கரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு. இரண்டாம் நாள் ஒன்றில் நின்றார். நாற்பத்தேழாவது உறுப்பு, நான்காவது பத்தி. மார்க்கரைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார். நான் கையை நடுவில் வைத்தேன். "வேண்டாம்," என்றேன். மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கட்டத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்து, நிரலை ஏற்றினேன். திரை கறுத்து மறுபடி வந்தது. அவர் வாசித்தார். மூடியைப் போட்டு மார்க்கரைப் பைக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள் மாலை தாளில் கையெழுத்து வைத்தேன். திருத்தங்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.

மேலாளர் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தா. இனியும் வருவாயா என்று கேட்டா. சரியான விதி எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தந்தவவே எனக்கு முன்னால் நின்றா.

"மியெர் லௌங்கார்," என்றேன்.